கம்பு சுற்றும் கை எப்போது கற்றுக்கொள்கிறது?

சிலம்பம் பழகும் பிள்ளைகளில் பலருக்கு இது நடந்திருக்கும். சாயங்காலம் முழுக்க முட்டி மோதியும் ஒரு வீச்சு வரவே வராது. கம்பு முழங்காலில் இடிக்கும், முழங்கையில் படும், கையைவிட்டு நழுவி மணலில் போய் விழும். வாத்தியார் "போதும், நாளைக்குப் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார். மறுநாள் வந்து கம்பைக் கையில் எடுத்ததும் அதே வீச்சு தண்ணீர்பட்ட பாடாக வரும்.

"வீட்டுக்குப் போயி ராத்திரி பழகுனியாடா?"

"இல்ல வாத்தியாரே, சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன்."

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் போனிலோ கம்ப்யூட்டரிலோ சண்டை விளையாட்டு ஆடுகிற அண்ணன்மார் இருந்தால் அவர்களையும் கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு பட்டன்களைச் சரியான வரிசையில், சரியான நொடியில் அழுத்த வேண்டிய ஒரு காம்போ, ராத்திரி பத்து மணிவரை மல்லுக்கட்டியும் வந்திருக்காது. காலையில் தொட்டதும் வந்திருக்கும். மூங்கில் கம்பும் ஜாய்ஸ்டிக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள்தான். ஆனால் இரண்டையும் பழகும்போது மூளைக்குள் நடக்கும் வேலை ஒன்றுதான். அந்த மூளை எப்போது கற்றுக்கொள்கிறது? பழகும்போதா, பழகாமல் இருக்கும்போதா?

இதற்கு விடை தேடுவதற்கு முன்னால், சண்டை விளையாட்டில் கற்றுக்கொள்ள அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

கையில் பிடித்திருக்கும் இடத்திலிருந்து கம்பின் நுனிவரை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நுனி ஒரு முழுச் சுற்று சுற்றினால் 6.28 மீட்டர் தூரம் போகும். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் அந்த நுனியின் வேகம் விநாடிக்குச் சுமார் 12.5 மீட்டர். அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். ஊருக்குள் ஓடும் பஸ்ஸின் வேகம்! இனி எதிரே நிற்பவரைப் பாருங்கள். கண்ணில் பட்டதை மூளை புரிந்துகொண்டு, முடிவெடுத்து, கையை அசைக்க ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அந்த 0.2 விநாடிக்குள் கம்பின் நுனி 2.5 மீட்டர் கடந்திருக்கும். கிட்டத்தட்ட அரைச் சுற்று முடிந்திருக்கும். பார்த்து முடிவெடுத்துத் தடுக்கலாம் என்று நினைத்தால் அதற்குள் அடி விழுந்துவிடும்.

0.2 விநாடி என்பதை நம்ப முடியவில்லையா? ஒரு 30 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். உங்கள் நண்பர் அதன் மேல் முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே 0 இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்கேலைத் தொடாமல் இருபுறமும் காத்திருக்கட்டும். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. 15 செ.மீ. கோட்டில் பிடித்தால் சுமார் 0.175 விநாடி. விழும் பொருள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விழும் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான், அதனால்தான் ஸ்கேலையே கடிகாரமாக வைத்துக்கொள்ள முடிகிறது. பத்துப் பதினைந்து முறை செய்து பாருங்கள். கொஞ்சம் குறையும், பிறகு அங்கேயே நின்றுவிடும். நரம்பில் செய்தி ஓடுவதற்கும் தசை சுருங்குவதற்கும் ஆகும் நேரத்தை எந்தப் பயிற்சியாலும் பாதியாக்க முடியாது.

அப்படியானால் நல்ல ஆட்டக்காரர் எப்படித் தடுக்கிறார்? கம்பு கிளம்புவதற்கு முன்பே எதிராளியின் தோள் திரும்பும். தோள் திரும்புவதற்கும் முன்னால் ஒரு காலில் உடம்பின் கனம் இறங்கும், மணலில் அந்தக் குதிகால் கொஞ்சம் கூடுதலாகப் புதையும். பழகியவரின் கண் அங்கே இருக்கும். "இந்தக் கால் இறங்கினால் அடுத்து இடப்பக்கம் வீச்சு வரும்" என்று அவருடைய மூளை முன்கூட்டியே கணித்துவிடும். அடி வருவதற்கு முன்பே தடுப்பு கிளம்பிவிடும். கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் வாத்தியார் ஏன் காலடியிலேயே நாள்கணக்கில் நிறுத்துகிறார் என்று சலித்துக்கொள்கிறீர்களா? காரணம் இதுதான். காலடி தெரிந்தவருக்குத்தான் எதிராளியின் காலடியைப் படிக்கத் தெரியும்.

திரையிலும் இதே கதைதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை விளையாட்டுகள் விநாடிக்கு 60 படங்களாக ஓடுகின்றன. ஒரு படத்தை ஒரு ஃப்ரேம் என்பார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ல் மிக வேகமான குத்து மூன்றே ஃப்ரேமில் எதிராளியை எட்டிவிடும். 0.05 விநாடி! உங்கள் 0.2 விநாடி என்பது 12 ஃப்ரேம். பார்த்துத் தடுக்க வழியே இல்லை. எதிராளி எந்தத் தூரத்தில் நின்றால் எதைச் செய்வார் என்று முன்பே கணித்தால்தான் உண்டு.

இதற்கு ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. சீனாவின் ஹாங்சோ நகரில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், வீடியோ விளையாட்டுகளுக்கு முதன்முறையாக முறைப்படி பதக்கம் கொடுத்தார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 போட்டியில் இந்தியாவின் சார்பில் மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் களமிறங்கினார்கள். தங்கம் வாங்கியவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு 44 வயது. உங்களில் பலருடைய அப்பா வயது. ஸ்கேல் பிடிக்கும் போட்டி வைத்தால் இருபது வயதுக்காரர்கள் அவரை முந்தியிருக்கலாம். வயது ஏற ஏற அந்த வேகம் சற்றுக் குறையும். ஆனால் பல ஆண்டுகள் ஆடிச் சேர்த்த கணிப்பு அவரிடம் இருந்தது.

சரி, அந்தக் கணிப்பும் கைப்பழக்கமும் மூளையில் எப்போது சேர்கின்றன?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் லியோனார்டோ கோஹன் என்பவரின் குழு 2019-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. 27 பேரை அழைத்து, இடது கையின் நான்கு விரல்களுக்கும் எண் கொடுத்தார்கள். சுண்டுவிரல் 1, மோதிரவிரல் 2, நடுவிரல் 3, ஆள்காட்டி விரல் 4. பிறகு 4-1-3-2-4 என்ற வரிசையில் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்டச் சொன்னார்கள். பத்து விநாடி தட்ட வேண்டும், பத்து விநாடி சும்மா இருக்க வேண்டும். மறுபடி பத்து விநாடி தட்ட வேண்டும். இப்படி 36 சுற்று.

தட்டிய வேகத்தை ஒவ்வொரு சுற்றாக ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஆரம்பச் சுற்றுகளில், தட்டிக்கொண்டிருந்த பத்து விநாடிக்குள் வேகம் பெரிதாகக் கூடவில்லை. ஒரு சுற்றை முடித்த வேகத்தைவிட அடுத்த சுற்றைத் தொடங்கும் வேகம்தான் கூடியிருந்தது. நடுவில் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்!

அந்தச் சும்மா இருந்த நேரத்தில் மூளைக்குள் என்ன நடந்தது என்பதை அதே குழு 2021-ல் தேடியது. மூளையில் எழும் மிக நுண்ணிய காந்தப் புலத்தைத் தலைக்கு வெளியே இருந்தபடியே அளக்கும் கருவி ஒன்று உண்டு. அதை வைத்துப் பார்த்தார்கள். விரல்கள் ஓய்ந்திருந்தபோது, மூளை அதே 4-1-3-2-4 வரிசையைத் தனக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் கை தட்டிய வேகத்தைப் போல ஏறத்தாழ 20 மடங்கு வேகத்தில். எந்த அளவுக்கு இந்த மறு ஓட்டம் நடந்ததோ அந்த அளவுக்கு அடுத்த சுற்றில் கை முன்னேறியிருந்தது.

தங்கச்சிமடத்துப் பக்கம் கருவாடு போடும் பாட்டியைக் கவனித்தால் இது பிடிபடும். மீனைக் கீறி, உப்புத் தடவும்வரை வேலை அவர் கையில். அதன்பிறகு வேலை செய்வது வெயில். காய விடாமல் மறுபடி மறுபடி நனைத்துக்கொண்டே இருந்தால் மீன் கெட்டுப்போகும். பழகுவது உப்புத் தடவுவது, ஓய்வு காயப்போடுவது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பத்து விநாடிச் சோதனைக்குக் கொடுத்த விளக்கத்தை எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஓயாமல் தட்டியதால் வந்த சோர்வு அந்த இடைவெளியில் தீர்ந்தது, அதனால் வேகம் கூடியது, அந்த நேரத்தில் புதிதாக ஒன்றும் கற்கவில்லை" என்று சிலர் வேறு சோதனைகள் செய்து வாதாடுகிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. இப்படிப் பிறர் சோதனையைத் திருப்பிச் சோதித்துப் பார்ப்பதுதான் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் ஆட்டக்காரருக்கு ஒன்று உறுதி. இடைவெளி விட்டுத் தொடங்கும் கைதான் நன்றாக ஆடுகிறது.

விநாடிக் கணக்கு இருக்கட்டும். நாள் கணக்கில் இடைவெளி விட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்துத் தபால் துறையில் கடிதங்களைப் பிரிப்பதற்காக ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுத்தர வேண்டியிருந்தது. நாளுக்கு எவ்வளவு நேரம் பழக்கலாம் என்ற கேள்வி வந்தபோது, ஆலன் பேட்லி என்ற உளவியல் அறிஞரும் லாங்மன் என்பவரும் ஊழியர்களைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக நாளுக்கு நான்கு மணி நேரம். முடிவு 1978-ல் வெளியானது. ஒரு மணி நேரக் குழு மொத்தம் 55 மணி நேரப் பயிற்சியில் எட்டிய திறமையை, நான்கு மணி நேரக் குழு எட்டுவதற்கு 80 மணி நேரம் பிடித்தது. அந்த 25 மணி நேர உழைப்பும் வீண்!

ஆனால் கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்கள் 80 மணி நேரத்தை 20 நாளில் முடித்துவிடலாம். ஒரு மணி நேரக்காரர்களுக்கு 55 நாள் வேண்டும். அதனால் ஒரு மணி நேரக் குழுவில் இருந்தவர்களுக்குத்தான் தங்கள் பயிற்சி முறை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் மளமளவென்று முன்னேறுவது போலவும், தாங்கள் பின்தங்குவது போலவும் அவர்களுக்குத் தோன்றியது. மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராத்திரி பகலாகக் கம்பு சுற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் தினமும் கொஞ்சமாகத் தொடங்கியிருந்தால் குறைந்த வியர்வையில் காரியம் முடிந்திருக்கும், மணிக்கட்டும் வீங்கியிருக்காது.

தூக்கத்துக்கு வருவோம். மாத்யூ வாக்கர் என்பவரின் குழு 2002-ல் அதே மாதிரி விரல் தட்டும் சோதனையைச் செய்தது. ஒரு சாரார் காலையில் பழகி, நாள் முழுக்க விழித்திருந்து, ராத்திரி மறுபடி தட்டிக் காட்டினார்கள். பெரிய முன்னேற்றம் இல்லை. ராத்திரி தூங்கி எழுந்த பிறகு தட்டியபோது வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. தூங்கும்போது மூளை பகலில் செய்ததை ஓட்டிப் பார்க்கிறது என்பதற்கு எலிகளிடம் இதற்கு முன்பே தடயம் கிடைத்திருந்தது. ஓர் இடத்தில் சுற்றித் திரிந்த எலியின் மூளையில் எந்தெந்த நரம்புச் செல்கள் சேர்ந்து துடித்தனவோ, அவை அது தூங்கும்போதும் சேர்ந்து துடித்ததை 1994-ல் வில்சன், மெக்நாட்டன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எலி தூக்கத்திலும் மூளைக்குள் நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறவர், அன்று கற்ற ஆட்டத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார். இதை எந்தப் பிள்ளையிடமும் நான் அழுத்திச் சொல்வேன்.

தோற்ற கோபத்தில் உடனே மறு ஆட்டம் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூளைக்கு நல்ல வீச்சு, கெட்ட வீச்சு என்ற பேதம் கிடையாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்களோ அது பதியும். களைத்த கையால் ஐம்பது முறை தப்பாகச் சுற்றினால் தப்பான சுற்றும் பழக்கமாகிவிடும், பிறகு அதை அழிப்பது தனி வேலை.

ஓய்வு என்றால் பயிற்சியை மூட்டைகட்டி வைப்பது மட்டும் இல்லை. பயிற்சிக்கு உள்ளேயே ஓய்வை ஒளித்துவைக்க ஒரு வழி இருக்கிறது. ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-ல் செய்த சோதனை அது. சிறு மரப்பலகைகளைச் சொன்ன வரிசையில் கையால் தட்டிச் சாய்க்க வேண்டும். மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முழுக்கப் பழகி முடித்து, அடுத்ததற்குப் போய், பிறகு மூன்றாவதற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றையும் கலைத்துக் கலைத்துக் கொடுத்தார்கள். பழகும்போது முதல் குழு வெளுத்து வாங்கியது, கலைத்துப் பழகிய குழு திணறியது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திணறியவர்கள்தான் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். வலப்பக்க வீச்சு, தடுப்பு, திரும்பும் காலடி என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பழகும்போது, தடுப்பு பழகும் நேரமெல்லாம் வலப்பக்க வீச்சுக்கு ஓய்வு நேரம். அடுத்த முறை அந்த வீச்சுக்கு வரும்போது மூளை அதை மறுபடி தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் பதிய வைக்கிறது. உண்மையான சண்டையிலும் எதிராளி ஒரே அடியை முப்பது தடவை அடித்துக் காட்டப்போவதில்லையே! புத்தம் புதிய வீச்சு என்றால் மட்டும் முதலில் கொஞ்ச நேரம் தனியாகச் சுற்றி, அதன் வடிவம் கைக்கு வந்த பிறகு கலக்கலாம்.

நீண்ட ஓய்வு எடுத்தால் எல்லாம் மறந்துபோகுமா? முழுப் பரீட்சை வரும், காய்ச்சல் வரும், ஊருக்குப் போவீர்கள். இதற்கு விடை தேட ஒருவருடைய கதை உதவும். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நீங்களும் செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக ஓடும். மூன்று நாள் இதைச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு நாளும் மொலைசனுக்கு இதை முன்பு செய்த நினைவே இல்லை. ஆனால் அவருடைய கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது! பாடம் நினைவில் வைப்பதும் கைப்பழக்கமும் மூளையில் வேறு வேறு வழிகளில் சேர்கின்றன என்பது அப்போது தெரிந்தது. கைப்பழக்கத்தில் பெரும் பங்கு, பின்மண்டையின் கீழே இருக்கும் சிறுமூளைக்கு உண்டு. சைக்கிளை எத்தனை ஆண்டு விட்டாலும் மறக்காததும் இதனால்தான்.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்த ஓர் ஆட்டக்காரரையும் பார்ப்போம். ஜப்பானின் டைகோ உமேஹாரா சண்டை விளையாட்டுக்காரர்களிடையே பெரிய பெயர். 2004-ல் அமெரிக்காவில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில், ஓர் அடி பட்டாலும் தோல்வி என்ற நிலையில், எதிராளி தொடுத்த 15 அடிகளையும் ஒவ்வொன்றாகத் தடுத்துத் திருப்பி அடித்து அந்தச் சுற்றை வென்றவர். பிறகு அவர் இந்த விளையாட்டை விட்டே விலகினார். மஜாங் என்ற விளையாட்டுக்குப் போனார், அதையும் விட்டு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்த சமயத்தில் திரும்பி வந்து, 2009-ல் ஈவோ பட்டத்தை வென்றார். ஓய்வு மட்டுமே அவரை ஜெயிக்க வைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுவயது முதல் ஆடிச் சேர்த்தது உள்ளே இருந்தது. புது விளையாட்டுக்குத் தேவையானதை வந்து மறுபடி பழகினார். பழகாத ஒன்றை எந்த ஓய்வும் பழக்கித் தராது.

இனி உங்கள் முறை. 4-1-3-2-4 சோதனையை வீட்டில் செய்யலாம், மேசையும் கடிகாரமும் போதும். நீங்கள் ராத்திரி எட்டு மணிக்கு இடது கையால் பத்து விநாடி தட்டி, பத்து விநாடி சும்மா இருந்து, இப்படி 15 சுற்று பழகுங்கள். கடைசி மூன்று சுற்றில் எத்தனை முறை முழு வரிசையைத் தப்பில்லாமல் முடித்தீர்கள் என்று அக்காவையோ தம்பியையோ எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள். காலையில் எட்டு மணிக்கு மறுபடி மூன்று சுற்று தட்டி எண்ணுங்கள். அக்கா இதே போலக் காலை எட்டு மணிக்குப் பழகி, அன்றைக்கே ராத்திரி எட்டு மணிக்குத் தட்டட்டும். இருவருக்கும் நடுவில் அதே 12 மணி நேரம். உங்களுக்கு நடுவில் தூக்கம் இருக்கும், அக்காவுக்கு இருக்காது. வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டு பேர் கணக்கை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். வகுப்பில் எல்லாருமாகச் செய்து, தூங்கியவர்கள், தூங்காதவர்கள் என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிச் சராசரி எடுங்கள். வலது கைக்காரர்களா இடது கைக்காரர்களா என்பதைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கினார் என்பதையும் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிவிடுங்கள், சராசரி எடுக்கும்போது அந்த எண் தேவைப்படும்.